மோட்டார் கொட்டாய்ச் சுவரில் எழுதின பேய்

இது நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கற்பூரம் ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள், அடிக்கிறேன். துணி போட்டுத் தாண்டச் சொல்லுங்கள், இந்த முட்டி வலியோடு தாண்டுகிறேன். அம்மன் கோயில் வாசலில் ஈரத் துணியோடு நின்று சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன். ஒரு எழுத்துக் கூடாது, ஒரு எழுத்துக் குறையாது. பேய் பார்த்தேன், பிசாசு பார்த்தேன் என்று ஊரில் ஆளாளுக்கு அளந்துவிடுகிறார்கள். அந்த வேலை எனக்குத் தெரியாது. வீராசாமிக்கு நடந்ததை வீராசாமி சொன்னபடி சொல்கிறேன். எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாசம், அக்கினி நட்சத்திரம் பிறந்த சமயம். சாலவாக்கம் ஏரி மதகைத் தாண்டிப் போனால் அவர் கழனி.

சாட்சி கேட்பவர்கள் கடைசி வரைக்கும் பொறுத்திருங்கள்.

வீராசாமிக்கு அப்போது நாற்பது வயசு. பார்த்தால் அறுபது சொல்லலாம். காரணம் கரண்ட்.

கிணற்றில் அஞ்சு எச்.பி. மோட்டார் வைத்திருந்தார். அதை ஓட்டுகிற கரண்ட் பகலில் எட்டிப் பார்க்காது. ஊர் படுத்த பிறகுதான் வரும். வரும் என்று நம்பி உட்கார்ந்தால் வராது, வராது என்று படுத்தால் வரும். கிணற்றடியில் செங்கல் வைத்து ஒரு மோட்டார் கொட்டாய் கட்டி, சுவருக்கு வெள்ளை அடித்து, அதற்குள் ஒரு கோணியைப் போட்டு, மாசக் கணக்கில் அந்தக் கோணியின் மேல்தான் வாழ்ந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை மாற்றுவார். விடிந்தால் மாடு, சாணி, உரம், வெயில். தூக்கம் என்பது அடுத்தவர்கள் செய்கிற காரியம் என்று ஆகிவிட்டது. உத்திரமேரூருக்குப் போகப் பஸ் ஏறி, தூங்கி, காஞ்சிபுரத்தில் கண் விழித்தார். திரும்பி வரும்போதும் உத்திரமேரூரைப் பார்க்கவில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் நின்றபடியே தூங்கி, கையிலிருந்த அட்சதையை ஐயர் தலையில் போட்டார்.

போட்டிருந்தது வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அந்த வருஷத்துக்கு அவர் நம்பியிருந்தது அந்த ஒரு வெள்ளாமைதான். காய் பிடித்து முற்றுகிற நேரத்தில் திருட்டு ஆரம்பித்தது. ராத்திரியில் எவனோ வந்து செடியைப் பிடுங்கி, காயை உதிர்த்துக்கொண்டு, வெறும் கொடியை ஒழுங்காக வரப்பில் அடுக்கிவிட்டுப் போனான். அடுக்கிவிட்டுப் போனதுதான் வீராசாமிக்கு அதிக எரிச்சல். தண்ணீர் கட்டி முடிந்த ராத்திரிகளிலும் இப்போது காவல். காவலுக்கு உட்கார்ந்தவர் பத்து நிமிஷத்தில் குறட்டை விடுவார். அந்தக் குறட்டையை வைத்தே திருடன் வேலை பார்த்தான். சத்தம் நின்றால் அவனும் நிறுத்திக்கொள்வான்.

யோசனை சொன்னது அவர் மனைவி கனகா. யோசனை என்று சொல்ல முடியாது, ஏச்சு. கூழ்ச் சட்டியில் கையை விட்டபடியே கண்ணை மூடிவிட்ட புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"உன் மூஞ்சி இப்பவே பேய் மாதிரிதான் கீது. இன்னா புண்ணியம், உக்காந்த எடத்துல தூங்கிடற. தூங்காத பேய் ஒண்ணு எயுதி அந்தச் செவுத்துல நிறுத்தேன். அதுவாவது முயிச்சிக்கினு இருக்கும்."

வீராசாமி கண்ணைத் திறந்தார். தூங்காத பேய். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

உத்திரமேரூரில் துரைராஜ் என்று ஒரு பெயிண்டர். கோபுரத்துக்கு வர்ணம், லாரிக்குப் பின்னால் மயில், கட்சிக்குச் சின்னம், டீக்கடைக்கு லட்சுமி, எல்லாம் எழுதுவார். சைக்கிளில் பெயிண்ட் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு சிக்கலைச் சொன்னார். சாமி எழுதக் கணக்கு இருக்கிறது. எந்தக் கையில் சூலம், எந்தக் காலை மடக்குவது, எல்லாம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். பேய்க்கு யாரும் கணக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. என்ன ஜாடையில் எழுதுவது?

கேட்டிருக்கக் கூடாது. ஊரே டீயைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தது.

தெருக்கூத்தில் பேய் வேஷம் கட்டுகிற தாண்டவராயன், பேய் என்றால் முதலில் பல் என்றார். மூஞ்சிக்கு மை, நாக்குக்குச் சிவப்பு, இடுப்பில் வைக்கோல் சுற்றிப் பெரிதாக்கி, இரண்டு கையிலும் வேப்பிலை. இருபது வருஷமாகத் தன்னைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள், தன்னையே பார்த்து எழுதிவிடலாம் என்று எழுந்து நின்று கண்ணை உருட்டியும் காட்டினார். டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிற வேதாசலம் ஒப்புக்கொள்ளவில்லை. அதெல்லாம் பழைய பேய், இப்போது பேய் என்றால் வெள்ளைப் புடவை, விரித்த தலை, பனி மூட்டம், பின்னால் ஒரு பாட்டு.

துரைராஜ் டீயை உறிஞ்சினார்.

"வெள்ளச் செவுத்துல வெள்ளப் பொடவ எயுதினா எங்கய்யா தெரியும்? பாட்டு மட்டும்தான் கேக்கும்."

பிறகு தன் குருவைப் பற்றிச் சொன்னார். திருவிழாக் கடைகளுக்கு நரகத்துப் படம் எழுதுவதில் அவர் பேர் போனவர். எண்ணெய்க் கொப்பரை, முள்படுக்கை, சுற்றிலும் கிங்கரர்கள். அத்தனை கிங்கரருக்கும் அவருடைய மாமியார் ஜாடை. அந்த அம்மாள் செத்துப் போனதும் அவருக்குப் பேய் எழுத வராமல் போய்விட்டது. வீட்டு வாசலில் மாட்டுகிற திருஷ்டிப் பூதம் எழுதினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிச் சிரித்தது. ஆகவே பேய்க்கு ஜாடை முக்கியம். பார்த்த முகம் ஒன்று வேண்டும்.

அப்போது நடவு, களை, பிடுங்கல் எல்லாவற்றுக்கும் பெண்களைக் கூட்டி வருகிற முனியம்மாள் தூக்கில் டீ வாங்க வந்தாள். இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றவள், தான் ஒன்றைப் பார்த்திருப்பதாகச் சொன்னாள். மதகடியில். உச்சி வெயிலில்.

"பல்லும் இல்ல, பொடவையும் இல்ல. நம்மள மாதிரிதான் இருந்துது. ரொம்ப அசந்து போயிருந்துது. தூங்க எடம் இல்லாத மாதிரி நின்னுக்கினு இருந்துது. அவ்ளோதான்."

தூக்கை மூடிக்கொண்டு போய்விட்டாள். தாண்டவராயன் உட்கார்ந்தார். 

துரைராஜ் மெதுவாகத் திரும்பி, பெஞ்சின் ஓரத்தில் தூணில் சாய்ந்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த வீராசாமியைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. பாதையைப் பார்த்த சுவர். ஆள் உயரத்துக்கும் மேலே கரியால் கோடு போட்டார். சடை விழுந்த தலை. ஒட்டின கன்னம். தோளில் ஒரு கந்தல். கால் எழுதுகிற இடம் வந்ததும் துரைராஜுக்குக் குழப்பம். பேய்க்குக் கால் கிடையாது என்பார் பாதிப் பேர், உண்டு, பின்பக்கம் திரும்பியிருக்கும் என்பார் பாதிப் பேர். யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று முட்டிக்குக் கீழே மல்லாட்டைச் செடியை எழுதி மறைத்துவிட்டார். செடிக்குள் நிற்கிற மாதிரி ஆயிற்று. பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வீராசாமி எதிரே மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றி நின்றார். பெயிண்டர் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது ஏன் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது யார் முகம் என்றும் தெரியவில்லை. அவர் கண்ணாடி பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சிவப்புக் கண்ணில் கருமணி மட்டும் பாக்கி. படம் எழுதுகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். துரைராஜ் சின்னத் தூரிகையை எடுத்து, கறுப்பைத் தொட்டு, தயங்கினார்.

"ண்ணா, சாமிக்குக் கண்ணு தொறக்கறப்ப எதிர்ல ஆளு நிக்க மாட்டாங்க. பசுவும் கன்னும் புடிச்சாந்து நிறுத்துவோம். இல்லாங்காட்டி கண்ணாடி காட்டுவோம். மொதப் பார்வ பொல்லாதது. இதுக்கு இன்னா பண்றது?"

வீராசாமிக்குக் கண்ணைச் சொருகியது.

"பேய்க்கு இன்னாத்துக்குப் பசு? கோயிலா கட்டறோம்? சட்டுனு முடி, பெயிண்டரே."

துரைராஜ் பழக்க தோஷத்தில் சுவருக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கையை மட்டும் நீட்டினார். அரிசி மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வீராசாமிக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. வாயைத் திறந்தார். தூரிகை சுவரைத் தொட்டது.

கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

வாய் திறந்திருக்கிறது, கொட்டாவி இல்லை. தும்மல் வந்து போய்விட்டால் மூக்கில் ஒரு ஏமாற்றம் இருக்குமே, அந்த மாதிரி. வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த காக்கையும் நிறுத்தியிருந்தது. சுவரில் இரண்டு கண். அகல விரிந்து, சிவந்து, இமைக்காமல்... நேராக அவரைப் பார்த்தன.

அன்று ராத்திரியே பலன் தெரிந்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது பாதையோரம் ஒரு கோணிப்பையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. திருடன் வந்தான், டார்ச் அடித்தான், போய்விட்டான். அவ்வளவுதான் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு செடி போகவில்லை. ஊரே சிரித்தது. கனகா தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் ராத்திரி தண்ணீர் கட்டுகிற வேலை இல்லை. வீராசாமி சூடாகச் சோறு தின்று, தன் வீட்டில், தன் கோரைப்பாயில் படுத்தார். இந்த நாளுக்காகத்தான் இத்தனையும். கண்ணை மூடினார்.

மூடின கண்ணுக்குள் கழனி தெரிந்தது.

கனவு என்றுதான் முதலில் நினைத்தார். கனவுக்குத் தூக்கம் வேண்டுமே. பக்கத்தில் கனகாவின் மூச்சு கேட்கிறது, மாடு வாலால் ஈ ஓட்டுகிறது கேட்கிறது. கண்ணுக்குள் மட்டும் நிலா வெளிச்சத்தில் மல்லாட்டைச் செடி. கிணற்றுத் துலாக்கல். பாதை. எல்லாம் ஓர் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி. ஒரு நரி வரப்பில் ஏறி வந்தது. நின்றது. அவரைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது.

கண்ணைத் திறந்தால் வீட்டுக் கூரை. மூடினால் கழனி. விடியும்வரை இப்படியே.

காலையில் போய் வரப்பில் குனிந்து பார்த்தார். ஈரம் இருந்த இடத்தில் நரிக் கால் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் நின்றிருக்கிறது. பிறகு திரும்பி ஓடியிருக்கிறது.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபட வெகு நேரம் ஆயிற்று.

படத்தின் இமை ஒரு நூல் இறங்கியிருந்தது.

வெயிலுக்குப் பெயிண்ட் இளகி வழிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். வழிந்தால் தாறுமாறாக வழிய வேண்டும், இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக வழியுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தெம்பு இல்லை. அடுத்த ராத்திரியும் கழனிதான். அதற்கு அடுத்த ராத்திரியும். ஒவ்வொரு விடியலிலும் இமை இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம். அவர் கண் சிவக்கச் சிவக்க, சுவரில் இருந்த கண்ணில் சிவப்பு வடிந்தது. அவர் கன்னம் ஒட்ட ஒட்ட, அங்கே கன்னம் தெளிந்தது. முன்னெல்லாம் உட்கார்ந்த இடத்தில் தூங்கின மனுஷன். இப்போது பஸ்ஸில் ஏறினால் உத்திரமேரூர் வந்ததும் சரியாக இறங்கினார். அதைப்போலக் கொடுமை வேறு இல்லை என்று பிறகு சொன்னார்.

அப்படி ஒருநாள் இறங்கி, துரைராஜைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். துரைராஜ் பாதையிலேயே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அங்கிருந்தே சுவரைப் பார்த்தார். இறங்கவில்லை. படத்தையும் வீராசாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாடி காட்டியிருக்கணும்ணா," என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதற்குள் மல்லாட்டை முற்றிவிட்டது. மேற்கே சாயங்காலத்தில் மேகம் கட்ட ஆரம்பித்தது. கோடை மழை ஒன்று இறங்கினால் போதும், முற்றின காய் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும். அத்தனை ராத்திரியும் அத்தனை தண்ணீரும் வீண். ஆள் விட்டுப் பிடுங்கியாக வேண்டும். முனியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் வாசலுக்கு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"ஊர்ல எந்தப் பொம்பளையும் வரமாட்டா மாமா. அது எதிர்ல குனிஞ்சி வேல செய்ய முடியாது. மொதல்ல அத்த அயி. அப்பால வரோம்."

அழிக்கப் பார்த்தார். சுண்ணாம்பைக் கரைத்து, தென்னைமட்டைத் தூரிகையால் சுவர் முழுக்க இரண்டு பூச்சுப் பூசினார். ஈரத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. வெயிலில் காயக் காய, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பிடித்தது. படம் இருந்த இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தலை வந்தது. தோள் வந்தது. கடைசியில் முகம்.

இமை முழுக்க மூடியிருந்தது.

நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

வீராசாமி கொஞ்சம் கிட்டே போனார். ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் என்று நினைத்தார். கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை.

கொர்... கொர்... கொர்...

அவருக்கு அந்தக் குறட்டை தெரியும். கனகா எத்தனையோ தடவை அதைப் போல நடித்துக் காட்டியிருக்கிறாள்.

பயம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை, பொறாமை. ஒரு மனுஷனுடைய தூக்கத்தை வாங்கிச் சுவர் தூங்குகிறது. அவர் வீட்டுக்கு நடந்தார். கனகா பொட்டு வைத்துக்கொள்கிற கண்ணாடி, மரச்சட்டம் போட்டது, ஆணியில் தொங்கியது. கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். எதற்கு என்று அவள் கேட்டாள். அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்.

உச்சி வேளை. அக்கினி வெயில். கழனிகளில் ஒரு ஆள் இல்லை. ஆடு மாடு இல்லை. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. ஏரிக்கரைப் பனையோலை அசையவில்லை. வரப்பு மண் செருப்பு வழியாகச் சுட்டது. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. அந்த ஒரு சத்தத்தைத் தவிர.

கொர்... கொர்...

சுவருக்கு எதிரே, கண் திறந்த அன்று நின்ற அதே இடத்தில் நின்றார். கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தார். அவர் பக்கம் தெரிந்தது வெறும் மரப்பலகை. கண்ணாடிக்குள் என்ன தெரிகிறது என்று அவரால் பார்க்க முடியாது. அதன் மேல்விளிம்புக்கு மேலே சுவரும் அந்தச் சடைத் தலையும் மட்டும்.

கை வலித்தது. கண்ணில் வியர்வை இறங்கியது.

அரிசி மில் சங்கு ஊதியது.

குறட்டை நின்றது.

காத்திருந்தார்...

சட்டம் மெல்ல நடுங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தார். கையைப் பார்த்தார்.

கை நடுங்கவில்லை.

சுவரில் சடைத் தலை கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. கண்ணாடியைக் குனிந்து பார்க்கிற மாதிரி...

அப்புறம் அந்தச் சத்தம்.

ஆ...வ்...

ஒரு கொட்டாவி. பாதியிலிருந்து தொடங்கி முடிகிற கொட்டாவி. பெயிண்ட் வாடையோடு வெதுவெதுப்பாக ஒரு காற்று அவர் விரல்கள் மேல் பட்டது.

கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கழனி தெரியவில்லை.

ஒன்றுமே தெரியவில்லை.

விழித்தபோது மோட்டார் கொட்டாய்க்குள், கோணியின் மேல் கிடந்தார். கண்ணாடி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அத்தனை சுகமாக அவர் தூங்கி வருஷம் ஆகியிருந்தது. வெளியே சாயங்கால வெயில், பெண்கள் பேசுகிற சத்தம், ஈர மண் வாசனை. அரை நாள் தூங்கிவிட்டோம் என்று எழுந்து வெளியே வந்தார்.

கழனியில் செடி இல்லை.

ஒரு செடி இல்லை. ஒருபக்கம் கொடி மலை மாதிரிக் குவிந்திருந்தது. வரப்போரமாகக் காய் மூட்டை மூட்டையாக நின்றது. முனியம்மாளும் அவள் கூட்டமும் கூடையைத் தட்டி உதறிக்கொண்டிருந்தார்கள். முனியம்மாள் அவரைப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னா மாமா, இப்பதான் வாயத் தொறக்கப் போறியா? ரெண்டு நாளா ஒரு வார்த்த பேசல."

 அவளே சொல்லிக்கொண்டு போனாள். நேற்று விடியற்காலையில் அவள் வாசலில் வந்து நின்றாராம். கூப்பிடவில்லை, நின்றார். சரி, மழை வருகிறது, மனுஷன் பாவம் என்று இவள் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் சுவரில் படம் இல்லை, வெள்ளையாக இருந்தது. அதனால்தான் இறங்கினார்கள். அவர் செடிக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லை. உட்காரவில்லை. கண் இமைக்கவில்லை. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட் மாதிரி ஒரு வாடை.

"நாங்க புடுங்கிக்கினே வரோம், நீ பின்னாலேயே போய்க்கினு கீற. செடி இருக்கற எடத்துலயேதான் நின்ன. முட்டிக்குக் கீய ஒண்ணும் தெரியல. கடேசிச் செடியப் புடுங்கிட்டு நிமிந்து பாக்கறேன், ஆளக் காணோம். இப்ப இங்கேந்து வர."

வீராசாமி திரும்பிச் சுவரைப் பார்த்தார். பளிச்சென்று வெள்ளை. கரிக்கோடு கூட இல்லை. சுண்ணாம்பு அங்கே பிடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

மூட்டைகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்குள் அடுக்கி முடித்தபோது முதல் தூற்றல் விழுந்தது. அன்று ராத்திரி முழுக்க மழை. ஓடெல்லாம் தாளம் போட்டது, கூடத்தில் ஒழுகியது, மாடு கத்தியது. வீராசாமி தூங்கிக்கொண்டிருந்தார்.

கனகா அந்தக் கண்ணாடியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். மறுநாளே திருப்பி, முகம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். பொட்டு வைக்கப் போய் நின்றாளாம். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததாம், உள்பக்கமாக. துடைத்தாளாம். போகவில்லையாம். 

சாட்சி கேட்டீர்கள். அந்த மல்லாட்டையை வறுத்து நானே தின்றிருக்கிறேன், நல்ல பருப்பு. எழுபத்தொன்பது சித்திரையில் பெய்த அந்த மழையை ஊரில் ஒருவரும் மறுக்க முடியாது. துரைராஜ் பேய் எழுதுவதை அதோடு விட்டுவிட்டார், கேட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சுவரும் இருக்கிறது. சாலவாக்கத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வெள்ளையாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

வீராசாமி கிணற்றுக்குக் கரண்ட் வந்து, அந்த மோட்டார் கொட்டாயைக் கட்டியது மட்டும் எண்பத்தாறாம் வருஷம்.